மறுமொழி: வேலையை விட்டுப் பதிப்பகம் தொடங்கலாமா?

வணக்கம். உங்கள் அமானுஷ்யக் கதைகளை நீங்களே பதிப்பகம் தொடங்கி வெளியிடவும், அதற்காக வேலையை விடவும் எண்ணுவதாகவும், ஆயிரம் படிகள் அச்சிட்டால் ஒரு படியின் செலவு குறையும் என்று அச்சகத்தார் கூறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலையை இப்போது விட வேண்டாம் என்பதே என் கருத்து.

இத்துறையின் முன்னோடியான அமெரிக்க எழுத்தாளர் ஆகஸ்ட் டெர்லத்தின் வரலாறு உங்களுக்குப் பயன்படும். மறைந்த எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்காததால், அவர் 1939இல் டொனால்ட் வாண்ட்ரியுடன் சேர்ந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். முதல் நூலில் அச்சிட்ட 1,268 படிகள் விற்றுத் தீர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. டெர்லத்தின் சொந்தப் பேய்க் கதைத் தொகுப்பு 1941இல் இரண்டாவது நூலாகத்தான் வந்தது. பதிப்பகம் அவரைக் காப்பாற்றவில்லை. பிற எழுத்துகளால் ஈட்டிய பணத்தைக் கொண்டு அவர்தாம் அதைக் காப்பாற்றினார். ஆங்கில வாசகர்களை நம்பியவருக்கே இந்த நிலை என்றால், சிங்கப்பூரின் தமிழ் வாசகர் வட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே இருநூறு படிகளுடன் தொடங்குங்கள். படிக்குச் செலவு கூடினாலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையில் பெட்டிகள் அடைந்து கிடக்கா. வெளியான நான்கு வாரங்களுக்குள் தேசிய நூலக வாரியத்திடம் இரண்டு படிகளை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கதைகளைச் செம்மைப்படுத்தும் பணியை மட்டும் வேறொருவரிடம் கொடுங்கள். தன் கதையில் எந்த இடத்தில் அச்சம் எழவில்லை என்பது எழுதியவருக்குத் தெரிவதேயில்லை.