மணிக்குப் பதினெட்டு ரூபாய்

கேள்வி: எனக்கு வயது 20. ஊட்டியில் அரசுக் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான். வீடு, குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு சிற்றூர். முதுகில் அடிபட்டதிலிருந்து அப்பாவால் வேலைக்குப் போக முடியவில்லை. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். தம்பி பத்தாம் வகுப்பு. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமையலை முடித்து, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து ஒன்பதரை மணி வகுப்புக்குப் போகிறேன். மாலை மூன்று முதல் எட்டு வரை ஒரு சாக்லேட் கடையில் வேலை, நாளுக்கு 180 ரூபாய். எங்கள் ஊர்க் கடைசி பஸ் அதற்குள் போய்விடும். குன்னூரிலிருந்து 40 ரூபாய் கொடுத்து ஷேர் ஜீப்பில் வீடு சேரும்போது மணி பத்து. சனி, ஞாயிறு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தங்கும் விடுதியில் எட்டு மணி நேர வேலை, நாளுக்கு 500 ரூபாயும் மதியச் சாப்பாடும். வீட்டுக்கு 3,500 கொடுக்கிறேன். போன் தவணை 1,450, இன்னும் நான்கு மாதம் பாக்கி. தீபாவளிச் சீட்டு 500. மாலையில் டீ, பஜ்ஜி நாளுக்கு 30. ரீசார்ஜ், ஜெராக்ஸ் மற்றவை 700. அஞ்சலகத்தில் 3,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு பாடத்தில் அரியர். போன மாதம் கல்லாவில் 300 குறைகிறது என்று என் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். 'சீசன் வருகிறது, முழுநேரமாக வா, மாதம் 12,000 தருகிறேன்' என்கிறார் முதலாளி. ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டுப் போகலாமா? அல்லது தோழி சொல்வதுபோல் கல்விக் கடனோ, செயலியில் கடனோ வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிடலாமா? இதை பஸ்ஸில் எழுதுகிறேன். நடுவில் இரண்டு முறை தூங்கிவிட்டேன்.

பதில்: இரண்டு முறை தூங்கியும் ஒரு ரூபாய்கூட விடாமல் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் நேரில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் போன் தவணை இன்னும் எத்தனை மாதம் என்று தெரியாது.

படிப்பா வேலையா என்று கேட்கிறீர்கள். உங்கள் கணக்கைப் பார்த்தால் எனக்கு வேறு கேள்வி தோன்றுகிறது. உங்களிடம் இருப்பது இரண்டு வேலைகள். அவற்றில் ஒன்று உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. மற்றொன்று கொடுப்பதுபோல் இருக்கிறது.

கடை வேலையை எடுத்துக்கொள்வோம். மாதம் 22 நாள், நாளுக்கு 180 என்றால் 3,960 ரூபாய். அந்த வேலை இல்லாவிட்டால் மூன்று மணி பஸ்ஸில் ஏறி வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், ஜீப் தேவைப்படாது. ஆகவே ஜீப்புக்குப் போகும் 880 ரூபாய் அந்த வேலையின் செலவு. ஐந்து மணி நேரம் நிற்பதற்காகக் குடிக்கும் டீயும் அப்படித்தான், அது 660. மிஞ்சுவது 2,420. இனி நேரம். ஐந்து மணி நேர வேலையோடு, குன்னூர் நிலையத்தில் ஜீப் நிறையும்வரை குளிரில் காத்திருப்பது, இரவு பஸ்ஸுக்காக நிற்பது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். மாதத்துக்கு 132 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 18 ரூபாய் சில்லறை. அந்த 300 ரூபாய் பிடித்த மாதத்தில் 16.

விடுதி வேலை எட்டு நாளில் 4,000 தருகிறது. மொத்தம் 64 மணி நேரம், மணிக்கு 62 ரூபாய் 50 காசு. சாப்பாடு தனி. நடந்து போகும் தூரம்.

மணிக்குப் பதினெட்டு ரூபாய்க்கு நீங்கள் விற்றுக்கொண்டிருப்பது எதை என்று பாருங்கள். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை, பி.காம். மாணவி ஒருத்தி காஸ்ட் அக்கவுண்டிங் கணக்குப் போட்டுப் பழக வேண்டிய நேரம் அது. அந்த இரண்டு அரியரும் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன. கல்லாவில் 300 குறைந்ததும் அங்கிருந்துதான் வந்திருக்கும். விறைத்த விரல்களால் வெள்ளித்தாள் சுற்றி, எடை போட்டு, அதே கையால் சில்லறையும் கொடுப்பவருக்கு எட்டு மணி நெருங்கும்போது நூறும் இருநூறும் ஒன்றுபோலத்தான் தெரியும். (உட்கார நாற்காலி இருக்கிறதா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பல கடைகளில் அந்த நாற்காலி முதலாளியின் மைத்துனருக்குத்தான் கிடைக்கிறது.)

அந்த 12,000 ரூபாய் சீசன் விலை. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குள் வண்டி நகர இடமிருக்காது, தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, கடையில் ஆள் போதாது. ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அதே கடைவீதி ஈ ஓட்டும். செப்டம்பரில் இரண்டாம் சீசன் தொடங்கும்வரை அந்த 12,000 நிற்குமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு ஆள் தேவைப்படுவது மே மாதத்துக்கு, நீங்கள் விடப் பார்ப்பது ஒரு வருடத்தை. வங்கி எழுத்தர் பணிக்கான ஐபிபிஎஸ் தேர்வைப் பொதுப் பிரிவில் 20 வயதிலிருந்து 28 வரைதான் எழுத முடியும், அதற்குப் பட்டம் வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்கும் பட்டம் வேண்டும். அரியர் தீராமல் பட்டம் கைக்கு வராது.

உங்கள் வரவுப் பக்கத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, எனக்கு அதுதான் ஆச்சரியம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து நடக்கும் திட்டம். நீங்கள் விண்ணப்பிக்கவில்லை, அல்லது விண்ணப்பித்தும் பணம் நீங்கள் பார்க்காத கணக்குக்குப் போகிறது. இரண்டாவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் போகும். பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் தொடங்கி, பாஸ்புக்கை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்து மறந்த கணக்காக அது இருக்கலாம். நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று கேளுங்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். படிப்பை நிறுத்தினால் இந்த ஆயிரமும் நின்றுவிடும்.

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்விக் கடன் நல்ல கடன்தான். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கினால் போதும். ஆனால் அது கட்டணம், புத்தகம், கல்லூரி விடுதி போன்றவற்றுக்கானது. அரசுக் கல்லூரியில் உங்களுக்கு அந்தச் செலவு குறைவு. வீட்டு அரிசிக்கு அதை வாங்கக் கூடாது, வங்கியும் கொடுக்காது. மேற்படிப்புக்குப் போகும்போது எழுதுங்கள், அப்போது பேசுவோம். செயலிக் கடன் வேண்டவே வேண்டாம். தோழி வாங்கியிருந்தால், ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று கடன் விவரத் தாளில் போட்டிருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விவரத்தைக் கொடுத்துத்தான் கடன் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பார்த்த பிறகு அவரே உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டார்.

ஆக, மார்ச் முதல் மாலை வேலையை விடுங்கள். விடுதி வேலை இருக்கட்டும். வரவு 4,000. ஜீப்பும் பஜ்ஜியும் போய்விட்டதால் செலவு 6,150 ஆகக் குறைகிறது. புதுமைப் பெண் பணம் வர ஓரிரு மாதம் ஆகலாம். அதுவரை வீட்டுக்கு 3,500-க்குப் பதில் 2,500 மட்டும். அம்மாவிடம் சொல்வது கஷ்டம்தான். மேலே போட்ட பதினெட்டு ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஒரு கிலோ கொழுந்துக்கு எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்று அறிந்தவருக்கு மணிக் கணக்கு உடனே புரியும். அப்படியும் மாதம் 1,150 துண்டு விழும். மார்ச், ஏப்ரல் இரண்டுக்கும் 2,300. அஞ்சலகத்தில் இருக்கும் மூவாயிரம் இதற்குத்தான்.

ஏப்ரலில் தேர்வை எழுதி முடியுங்கள். மே மாதம் அதே கடைக்குப் போங்கள், பகல் வேலைக்கு மட்டும், திங்கள் முதல் வெள்ளி வரை. அவர் சொல்லும் 12,000 நாளுக்கு 400 ஆகிறது. அதே கூலியில் 22 நாளுக்கு 8,800. விடுதியில் 4,000. மொத்தம் 12,800-இல் எல்லாச் செலவும் போக ஆறாயிரத்துக்கு மேல் மிஞ்சும். அதில் ஒரு பகுதி ஜூன் மாதத் துண்டுக்கு. ஜூனோடு போன் தவணை முடிகிறது. அதன் பிறகு விடுதிச் சம்பளமும் புதுமைப் பெண் ஆயிரமும் சேர்ந்து 5,000, செலவு 4,700. மாலை வேலை இல்லாமலே.

தீபாவளிச் சீட்டைப் பாதியில் விட்டால் கட்டியது திரும்புவது சந்தேகம், முடித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு சேராதீர்கள். ஆறாயிரம் கட்டி இனிப்புப் பெட்டியும் எவர்சில்வர் பாத்திரமும் வாங்குவதைவிட, அந்த 500-ஐ வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பில் போடலாம். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டு, உங்கள் நிலையில் அவ்வளவு நாள் பணத்தைப் பூட்டி வைக்க வேண்டாம்.

மே மாதச் சம்பளம் வரும்போது இன்னொன்றையும் செய்துவிடுங்கள். அம்மாவின் வங்கிக் கணக்கில் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயும், வயது ஐம்பதுக்குள் இருந்தால் ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் பிடிக்க எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு. பிரதமர் பெயரில் இருக்கும் திட்டங்கள், எந்த வங்கியிலும் படிவம் கிடைக்கும். மே கடைசி வாரத்தில் கணக்கில் 456 ரூபாய் இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் போய்விடும். சரிவில் கூடை சுமந்து இறங்கும் ஒருவரின் கூலியில் உங்கள் வீடு பாதி நடக்கிறது.

முதலாளியிடம் விடைபெறும்போது சண்டை வேண்டாம். 'மே மாதம் வருகிறேன், பகலில் மட்டும், நாளுக்கு 400' என்று சொல்லுங்கள். சீசனில் பழகிய கைக்கு அவர்தான் அலைவார். அந்த 300 ரூபாயையும் அப்போதே கேளுங்கள்.