ஃபார்மேட்டா மாஸ்டரிங்கா? நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்

பாட்டு நல்லா கேக்கறது ஃபைல் ஃபார்மேட்டாலயா மாஸ்டரிங்காலயான்னு நெறைய பேர் கேக்கறீங்க. மாஸ்டரிங்னா பாட்ட வெளியிடறதுக்கு முன்னாடி அதோட சத்தத்த கடைசியா சரி பண்ற வேலை. நான் 12 வருஷமா அந்த வேலை பாக்கறேன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

அண்ணா, 320 எம்பி3க்கும் ஃப்ளாக்குக்கும் நெஜமாவே வித்தியாசம் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது தம்பி. 320ங்கறது ஒரு செகண்டுக்கு எத்தன கிலோபிட்ங்கற கணக்கு, ஃப்ளாக் எதையும் தூக்கிப் போடாம சுருக்கற ஃபைல். ஒரு பெரிய சத்தம் வரும்போது பக்கத்துல இருக்கற சின்ன சத்தம் நம்ம காதுக்கு எட்டாது இல்லையா, எம்பி3 அந்த எடத்துல கை வச்சுத்தான் சைஸ கொறைக்குது. 128ல வச்சா ஜால்ரா, சிம்பல் எல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கொழகொழன்னு ஆயிடும், சாதாரண இயர்ஃபோன்லயே புடிச்சிடலாம். 320ல அந்தக் கொழகொழப்பெல்லாம் போயிடும். கஞ்சிரா மாதிரி சட்டுனு விழற அடில மட்டும், அடி விழறதுக்கு துளி முன்னாடியே லேசா ஒரு மங்கின சத்தம் கேக்கலாம், அதுவும் பழகின காதா இருந்து அமைதியான ரூம்ல ஒக்காந்து கேட்டாத்தான்.

வேவ் பெஸ்டா ஃப்ளாக் பெஸ்டா?

ரெண்டும் ஒண்ணுதான். வேவ் சுருக்காத ஃபைல், ஃப்ளாக் ஜிப் ஃபைல் மாதிரி, பிரிச்சா ஒரு பிட் கூட மாறாம வரும். எடம் மிச்சம், அவ்ளோதான்.

சார், என்கிட்ட இருக்கற பழைய சிடி சூப்பரா இருக்கு, அதே ஆல்பம் ரீமாஸ்டர் 24 பிட்டுனு வாங்கினேன், அரை மணி நேரம் கேட்டா தலைவலி. எப்படி சார்?

இதத்தான் எல்லாரும் கேக்கணும்னு நெனச்சிட்டு இருந்தேன். பிட்ங்கறது சத்தத்த எவ்ளோ நுணுக்கமா அளந்து பதியறாங்கங்கறது. உங்களுக்கு தலைவலி குடுக்கறது 24 பிட் இல்ல, மாஸ்டரிங். 90கள்ல இருந்தே "என் பாட்டு பக்கத்துப் பாட்ட விட சத்தமா இருக்கணும்"னு ஒரு போட்டி ஓடுச்சு, லிமிட்டர்னு சத்தம் ஒரு அளவ தாண்டாம தடுக்கற கருவிய போட்டு உச்சிய எல்லாம் வெட்டி மொத்தத்தையும் மேல ஏத்திடுவாங்க, அப்புறம் ட்ரம்ஸ் அடிக்கும் கிட்டாருக்கும் உயர வித்தியாசமே இருக்காது, காதுக்கு மூச்சு விட எடமே கெடைக்காது. 2008ல மெட்டாலிகாங்கற ராக் பேண்டோட டெத் மேக்னடிக் ஆல்பம் வந்தப்ப என்ன ஆச்சுன்னா, சிடில கரகரன்னு ஒடைஞ்சு கேட்ட அதே பாட்டுங்க கிட்டார் ஹீரோங்கற வீடியோ கேம்ல நல்லா தெறந்து கேட்டுச்சு. ஏன்னா கேமுக்குப் போனது அந்த மாதிரி நசுக்காத ஆடியோ. ரசிகர்கள் திரும்ப மாஸ்டர் பண்ணுங்கன்னு மனுவே போட்டாங்க. வெட்டினது வெட்டினதுதான், அத எந்த ஹை-ரெஸ் (சிடிய விட நுணுக்கமா பதியற) ஃபைல்ல போட்டுக் குடுத்தாலும் திரும்ப வராது.

அப்ப ஹை-ரெஸ் வேஸ்டா ப்ரோ?

ரெக்கார்டிங்க்கு 24 பிட் கட்டாயம் வேணும், லெவல் கொஞ்சம் கொறைச்சு எடுத்தாலும் அடியில இரைச்சல் வந்து ஒட்டாது. கேக்கறதுக்கு, சிடியோட 16 பிட்லயே ரொம்ப மெல்லிசுல இருந்து உச்சி வரைக்கும் கிட்டத்தட்ட 96 டெசிபல் எடம் இருக்கு, செகண்டுக்கு 44,100 தடவ அளக்கற அதோட 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் வரும், நம்ம காது 20 தாண்டாது. 2007ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் பாஸ்டன் பக்கம் ஒரு டெஸ்ட் பண்ணாங்க, எஸ்ஏசிடிங்கற ஹை-ரெஸ் டிஸ்க்க நேரா ஒரு தடவ, சிடி தரத்துக்கு எறக்கி ஒரு தடவன்னு மாத்தி மாத்தி போட்டு எது எதுன்னு கண்டுபுடிக்கச் சொன்னதுல, 554 தடவைல 276 தான் சரியா வந்துச்சு. காசு சுண்டிப் போட்டாலும் அவ்ளோதான் வரும். ஆனா நெறைய எஸ்ஏசிடிங்க நெஜமாவே நல்லா இருக்குன்னும் அவங்களே எழுதியிருக்காங்க, ஏன்னா அத வாங்கறவங்க அக்கறையா கேக்கறவங்கன்னு இன்ஜினியரும் நசுக்காம பண்ணியிருக்காங்க. அதனால வாங்கறப்ப பிட்ட பாக்காதீங்க, எந்த மாஸ்டர்னு பாருங்க.

ப்ளூடூத் ஹெட்செட்ல ஃப்ளாக் போட்டா?

பெரும்பாலான செட்ல போற வழில திரும்ப சுருக்கித்தான் போகும் மா. ஒயர் போட்டுக் கேளுங்க.

வீட்லயே பாட்டு பண்றேன் அண்ணா, ஸ்பாட்டிஃபைக்கு எவ்ளோ சத்தமா குடுக்கணும்?

அவங்க எல்லாத்தையும் சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்க்கு (பாட்டோட மொத்த சத்தத்த அளக்கற அலகு, பூஜ்யத்துக்குக் கிட்டப் போகப் போக சத்தம் கூடும்) சமப்படுத்தறாங்க, நீங்க மைனஸ் 7ல நசுக்கிக் குடுத்தா அப்படியே எறக்கிடுவாங்க, நசுங்கினது மட்டும் மிஞ்சும். பாட்டுக்கு எது நல்லா இருக்கோ அங்க நிறுத்துங்க, உச்சில 1 டெசிபல் விட்டுடுங்க, சுருக்கும்போது உச்சி கொஞ்சம் எகிறும்.

என் காத நானே டெஸ்ட் பண்ண முடியுமா?

தாராளமா. நெட்ல எறக்கின எம்பி3ய ஃப்ளாக்கோட ஒப்பிடாதீங்க, அது வேற மாஸ்டரா இருக்கலாம். ஒரே ஃப்ளாக்ல இருந்து நீங்களே எம்பி3 எடுங்க, ரெண்டுக்கும் சத்தம் சரியா ஒரே அளவுல இருக்கணும், அரை டெசிபல் கூடினாலே அதுதான் நல்லா இருக்குன்னு தோணும். ஃபூபார்ங்கற ப்ளேயர்ல ஏபிஎக்ஸ்னு எது எதுன்னு சொல்லாம போட்டு கண்டுபுடிக்க வைக்கற டெஸ்ட் இருக்கு, 16 தடவ ஓட்டி 12 சரியா வந்தா உங்க காதுக்கு தெரியுதுன்னு நம்பலாம்.