இயேசு கடவுளா, மனுஷனா, ரெண்டுமா? உங்க கேள்வியெல்லாம் இங்க கேளுங்க

போன வாரம் "இயேசு முழு கடவுள், முழு மனுஷன்"னு ஒரு வரி எழுதினதுக்கு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீங்க. சர்ச் சரித்திரமும் இறையியலும் பல வருஷமா படிச்சிட்டு வர்றேன், தெரிஞ்சத சொல்றேன். நான் நிசேயா அறிக்கைய (குமாரன் பிதாவோட ஒரே தன்மையுள்ளவருன்னு சொல்ற பழைய விசுவாச அறிக்கை) மனசார நம்புறவன், அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா எதிர்த்தரப்பு என்ன சொன்னாங்கன்னு நேர்மையா சொல்லாம பதில் சொன்னா அது பதிலே இல்ல.

கேள்வி: பிரதர், பாதி கடவுள் பாதி மனுஷன்னு சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு சொல்லலாமா? ஈஸியா புரியுதே.

வேண்டாம் சிஸ்டர். ஈஸியா புரியும்தான், ஆனா அது சபை எந்தக் காலத்துலயும் சொன்ன விஷயம் இல்ல. பாதி பாதின்னா கடவுளும் முழுசா இல்ல, மனுஷனும் முழுசா இல்ல, நடுவுல மூணாவதா ஏதோ ஒண்ணு வந்து நிக்குது. பிள்ளைங்ககிட்ட "இயேசப்பா உண்மையாவே கடவுள், உண்மையாவே நம்மள மாதிரி மனுஷன், பசிச்சுது, தூங்கினாரு, அழுதாரு"ன்னு சொல்லுங்க போதும். எப்படின்னு கேட்டா "அது பெரியவங்களுக்கும் ஆச்சரியம்தான்"னு சொல்லுங்க, பிள்ளைங்க அத ஏத்துக்கும்.

கேள்வி: நிசேயாவுல கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டு போட வெச்சுதான் இயேசுவ கடவுள் ஆக்கினாங்கன்னு ஒரு வீடியோ பாத்தேன். உண்மையா?

இந்த கேள்விதான் அதிகமா வந்திருக்கு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

கி.பி. 325-ல நிசேயா கவுன்சில, அதாவது பிஷப்புங்களோட பெரிய கூட்டத்த, கூட்டினது கான்ஸ்டன்டைன்தான், அதுல சந்தேகமே இல்ல. ராஜ்யத்துல சண்டை வேண்டாம்னு அவருக்கு அரசியல் காரணமும் இருந்துச்சு. ஆனா அங்க "இயேசு கடவுளா வெறும் மனுஷனா"ன்னு விவாதமே நடக்கல. அலெக்சாந்திரியாவுல ஏரியஸ்னு ஒரு மூப்பர், அவருக்கும் அவரோட பிஷப் அலெக்சாண்டருக்கும் நடந்த தகராறுதான் அங்க வந்துச்சு. ஏரியஸும் இயேசு உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே இருந்தவரு, எல்லாம் அவர் மூலமா படைக்கப்பட்டுச்சுன்னு நம்பினவருதான், வெறும் மனுஷன்னு அவரு சொல்லவே இல்ல. அவரு சொன்னது, குமாரன் பிதாவால உண்டாக்கப்பட்டவரு, அவரு இல்லாத ஒரு நிலை இருந்துச்சு, அதனால பிதா எந்த அர்த்தத்துல கடவுளோ அந்த அர்த்தத்துல குமாரன் கடவுள் இல்ல. கவுன்சில் இத மறுத்து, குமாரன் பிதாவோட ஒரே தன்மையுள்ளவரு, உண்டாக்கப்பட்டவரு இல்லன்னு அறிக்கை செஞ்சது. ஏரியஸோட சேந்து கடைசி வரைக்கும் கையெழுத்து போட மாட்டேன்னு நின்ன பிஷப்புங்க ரெண்டே பேர்தான், செக்குந்துஸும் தேயோனாஸும்.

அதுக்கு ரொம்ப முன்னாடியே விசுவாசிங்க இயேசுவ ஆராதிச்சாங்க. கி.பி. 112 வாக்குல பிளினின்னு ஒரு ரோம கவர்னர், கிறிஸ்தவர் இல்லாதவரு, ராஜா டிராஜனுக்கு எழுதின கடிதத்துல கிறிஸ்தவங்க விடியக்காலைல கூடி கிறிஸ்துவ கடவுளா பாவிச்சு பாட்டு பாடுறாங்கன்னு ரிப்போர்ட் பண்றாரு. நிசேயாவுக்கு ரெண்டு நூறு வருஷத்துக்கும் முன்னாடி! இன்னொண்ணு, ராஜா திணிச்சதுன்னா அதோட விஷயம் முடிஞ்சிருக்கணும்ல? முடியல. கான்ஸ்டன்டைனே பின்னாடி ஏரியஸ திருப்பி கூப்பிட்டாரு, சாகுற நேரத்துல ஏரியஸ் பக்கம் சாஞ்ச ஒரு பிஷப்கிட்டதான் ஞானஸ்நானம் வாங்கினாரு. அவரு மகன் கான்ஸ்டான்டியஸ் நிசேயாவுக்கு எதிராவே நின்னாரு. நிசேயா பக்கம் நின்ன அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டாரு. அரியணைல இருந்தவங்க எதிர்த்தும் அந்த அறிக்கை நின்னுச்சு, 381-ல கான்ஸ்டான்டிநோபிள் கவுன்சில் திரும்ப உறுதி பண்ணுச்சு. வீடியோ போடுறவங்க இந்த அம்பது வருஷத்த அப்படியே விட்டுடுறாங்க, அதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் பைபிள்ல எந்தெந்த புஸ்தகம் இருக்கணும்னு நிசேயால முடிவு பண்ணாங்கன்னு சொல்றதும் தப்பு. அது அங்க அஜெண்டாவுலயே இல்ல.

கேள்வி: "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்"னு யோவான் 14:28-ல இயேசுவே சொல்றாரே. அப்புறம் எப்படி சமம்?

ஏரியஸ் பக்கத்துல இருந்தவங்க கைல எடுத்த முக்கியமான வசனம் இது, நல்ல கேள்வி. சபைப் பிதாக்கள் ரெண்டு விதமா பதில் சொன்னாங்க. ஒண்ணு, மனுஷனா தாழ்ந்து வந்த நிலைல பிதா பெரியவரு, பிலிப்பியர் 2-ல "தம்மைத்தாமே வெறுமையாக்கி"ன்னு வருதே அந்த நிலை. இன்னொண்ணு, பிதாதான் மூலம், குமாரன் அவர்கிட்ட இருந்து பிறந்தவரு, அந்த வகைல பெரியவரு, ஆனா தன்மைல வித்தியாசம் இல்ல. ரெண்டுல எதை எடுத்தாலும் அதே யோவான் சுவிசேஷம் "அந்த வார்த்தை தேவனாயிருந்தது"ன்னு ஆரம்பிச்சு தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!"ன்னு சொல்றதுல உச்சத்துக்கு வருது, அத மறக்காம படிக்கணும். ஒரு வசனத்த மட்டும் உருவி எடுத்து சண்டை போட்டா ரெண்டு பக்கமும் ஜெயிக்கலாம், ஒரு பிரயோஜனமும் இல்ல.

கேள்வி: கொலோசெயர் 1:15 "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு". அப்போ முதல் படைப்புதானே? வீட்டுக்கு வந்த யெகோவா சாட்சிகள் இதத்தான் காட்டினாங்க.

முதற்பேறுன்னா பைபிள்ல எல்லா இடத்துலயும் முதல்ல பிறந்ததுன்னு மட்டும் அர்த்தம் இல்ல. சங்கீதம் 89:27-ல தாவீத முதற்பேறு ஆக்குவேன்னு தேவன் சொல்றாரு, தாவீது ஈசாயோட கடைசிப் பையன். உரிமையும் மேன்மையும்தான் அங்க விஷயம். அடுத்த வசனத்தையும் படிங்க, சகலமும் அவருக்குள்ள சிருஷ்டிக்கப்பட்டுச்சுன்னு வருது. அவங்ககிட்ட மரியாதையா பேசுங்க, கதவ சாத்தாதீங்க.

கேள்வி: "நானே கடவுள், என்னை வணங்குங்க"ன்னு இயேசு நேரடியா எங்க சொன்னாரு? முஸ்லிம் ஃப்ரெண்ட் கேக்குறான், பதில் தெரியல.

அந்த வாக்கியம் அப்படியே எங்கயும் இல்ல, இல்லன்னு தைரியமா ஒத்துக்கங்க. ஆனா அவரு செஞ்சதும் அத பாத்தவங்க புரிஞ்சுக்கிட்டதும் இருக்கு. மாற்கு 2-ல திமிர்வாதக்காரன்கிட்ட உன் பாவம் மன்னிக்கப்பட்டுச்சுன்னு சொல்றாரு, பக்கத்துல இருந்த வேதபாரகர் "தேவன் ஒருவரே தவிர யாரு மன்னிக்க முடியும்"னு கொதிக்கிறாங்க, அவரு "நான் அப்படி சொல்லல"ன்னு பின்வாங்கல. யோவான் 8:58-ல "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்"னதும் கல்ல எடுத்துட்டாங்க. யூத மண்ணுல, ஒரே தேவன்ங்கறதுக்காக உயிர விடுற ஜனங்க நடுவுல நடந்தது இது. உங்க ஃப்ரெண்ட் இத ஏத்துக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா நாம ஏன் நம்புறோம்னு அவருக்கு புரியும்.

கேள்வி: கடவுள்னா கடைசி நாள் எப்போன்னு ஏன் தெரியாது? மாற்கு 13:32-ல "குமாரனும் அறியார்"னு தெளிவா இருக்கே. இதுக்கு யாரும் ஒழுங்கா பதில் சொல்லல.

ஐயா, இதுக்கு எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னதும் இல்ல, அதான் உங்களுக்கு திருப்தி வரல. அத்தனாசியஸ் சொன்னது, வார்த்தையானவரா, அதாவது தேவ குமாரனா, அவருக்கு தெரியும், ஆனா மனுஷனா, நம்ம மனுஷ அறிவோட எல்லைக்குள்ள நின்னு, தெரியாதுன்னு சொல்றாரு. அகஸ்டின் மாதிரி சிலர், தெரியும் ஆனா சீஷருக்கு வெளிப்படுத்த வேண்டியது இல்லங்கற அர்த்தம்னு சொன்னாங்க. 19-ஆம் நூற்றாண்டுல சிலர், மனுஷனா வந்தப்போ தெய்வீக அறிவையே கொஞ்ச காலம் ஒதுக்கி வெச்சாருன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க.

என் மனசுக்கு அத்தனாசியஸ் சொன்னதுதான் சரியா படுது. லூக்கா 2:52-ல இயேசு ஞானத்துல விருத்தியடைஞ்சாருன்னு இருக்கு. உண்மையான மனுஷனுக்கு கத்துக்குற மனசு வேணும், தெரியாதத தெரியாதுன்னு சொல்ற மனசு வேணும். அகஸ்டின் சொன்ன மாதிரி எடுத்தா "அறியார்"ங்கற சொல்லோட பலம் போயிடுது. மூணாவது பதில் சொல்றவங்ககிட்ட நான் கேக்குறது, அந்த நேரத்துல உலகத்த தாங்கினது யாரு? கொலோசெயர் 1:17 எல்லாம் அவருக்குள்ள நிலைநிக்குதுன்னு சொல்லுதே.

கேள்வி: உடம்பு மனுஷ உடம்பு, உள்ள இருக்குற மனசு தேவனோடது. நான் இத்தன நாள் இப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன், தப்பா?

நிறைய விசுவாசிங்க தெரியாமலே இப்படித்தான் நினைக்கிறாங்க. இதையேதான் லவோதிக்கேயா பிஷப் அப்பொல்லினாரியஸ் நாலாம் நூற்றாண்டுல போதிச்சாரு. அவரு ஏரியஸுக்கு எதிரா நின்னவரு, அத்தனாசியஸோட நண்பர், கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, கிறிஸ்துவோட தேவத்துவத்த காப்பாத்துறேன்னு போய் அவரோட மனுஷ மனச எடுத்துட்டாரு. அதுக்கு நசியான்சு கிரகோரின்னு ஒரு பிஷப் எழுதின பதில் இந்த முழு விவாதத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்: அவரு எடுத்துக்காத எதுவும் குணமாகல. மனுஷனோட மனச அவரு எடுத்துக்கலன்னா என் மனசு மீட்கப்படல. நம்ம பாவம் பொறக்குறதே மனசுலதானே, உடம்ப மட்டும் மீட்டு என்ன ஆகப்போகுது? இத படிச்ச அன்னைக்கு எனக்கு இந்த விவாதம் எல்லாம் ஏன் நடந்துச்சுன்னு புரிஞ்சுது. பட்டம் பதவிக்கு சண்டை போட்டவங்களும் இருந்தாங்க, ஆனா அடியில ஓடுன கேள்வி ஒண்ணுதான், வந்தவரு என்னை முழுசா மீட்க முடியுமா. கடவுள் இல்லன்னா மீட்க முடியாது, மனுஷன் இல்லன்னா அந்த மீட்பு என்னைத் தொடாது.

கேள்வி: நெஸ்டோரியஸ் உண்மையிலேயே ரெண்டு கிறிஸ்து இருக்காங்கன்னு சொன்னாரா?

சொன்னாருன்னு அலெக்சாந்திரியா பிஷப் சிரில் சொன்னாரு, நான் சொல்லலன்னு நெஸ்டோரியஸ் சொன்னாரு. 428-ல கான்ஸ்டான்டிநோபிளுக்கு பிஷப்பா வந்த நெஸ்டோரியஸ், மரியாள "தேவனைப் பெற்றவள்"னு கூப்பிடுறது சரியில்ல, "கிறிஸ்துவைப் பெற்றவள்"னு சொல்லுங்கன்னாரு. பிறந்ததும் பால் குடிச்சதும் மனுஷத்துவம்தானேன்னு அவரோட கவலை. அலெக்சாந்திரியா சிரில் விடல, தொட்டில்ல கிடந்த குழந்தை யாரு, தேவ குமாரன் இல்லாம வேற யாரோவா? அப்படின்னா சிலுவைல செத்ததும் வேற யாரோவான்னு கேட்டாரு. இந்த கேள்விக்கு நெஸ்டோரியஸால நேரா பதில் சொல்ல முடியலன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனா 431-ல எபேசுல நடந்த விதம் அழகா இல்ல. அந்தியோகியா பிஷப் யோவானும் அவரு கூட வந்தவங்களும் வந்து சேர்றதுக்கு முன்னாடியே சிரில் கூட்டத்த ஆரம்பிச்சு நெஸ்டோரியஸ பதவி நீக்கம் பண்ணிட்டாரு, அவங்க வந்து தனியா கூட்டம் போட்டு சிரில நீக்கினாங்க. 433-ல சிரிலும் யோவானும் சமாதானமாகி ஒரு பொது அறிக்கைக்கு ஒத்துக்கிட்டாங்க. நெஸ்டோரியஸ் நாடு கடத்தப்பட்டு எகிப்துல முடிஞ்சாரு. அவரு தன் பக்க நியாயத்த எழுதின புத்தகம் சீரிய மொழில பல நூற்றாண்டு கழிச்சு கிடைச்சப்புறம், அவரு மேல குற்றம் சாட்டின அளவுக்கு அவரு போகலன்னு பல அறிஞர்கள் நினைக்கிறாங்க. சிரில் சொன்ன உபதேசம் சரி, நடந்துக்கிட்டது சரியில்ல. ரெண்டையும் சேத்தே சொல்லணும்.

கேள்வி: 451 கால்செதோன் கவுன்சில் என்ன சொல்லுச்சு, சுருக்கமா?

ஒரே கிறிஸ்து, ரெண்டு தன்மை. அந்த ரெண்டும் கலக்காம, மாறாம, பிரியாம, பிரிக்கப்படாம இருக்கு. முதல் ரெண்டு சொல் யூட்டிக்கஸ்ங்கற துறவிக்கு பதில், அவரு சொன்னபடி பாத்தா மனுஷத்துவம் தேவத்துவத்துக்குள்ள கரைஞ்சே போயிடும். கடைசி ரெண்டும் நெஸ்டோரியஸ் பக்கத்துக்கு. எப்படி இணைஞ்சிருக்குன்னு அது விளக்கவே இல்ல, எப்படியெல்லாம் சொல்லக்கூடாதுன்னு மட்டும் வேலி போட்டுச்சு. அது பலவீனம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது பணிவா தெரியுது.

கேள்வி: அப்போ காப்டிக், அர்மீனியா, எத்தியோப்பியா, மலங்கரா ஆர்த்தடாக்ஸ் எல்லாம் கள்ள உபதேசமா? எங்க பாஸ்டர் அப்படித்தான் சொல்றாரு.

இல்லங்க, தயவுசெஞ்சு அப்படி சொல்லாதீங்க. அவங்க கால்செதோன ஏத்துக்கல, உண்மை. ஆனா யூட்டிக்கஸையும் அவங்க கண்டிக்கிறாங்க. அவங்க பிடிச்சிக்கிட்டது சிரில் சொன்ன சொல், மாம்சமான வார்த்தையானவரோட ஒரே தன்மை. அந்த ஒரே தன்மைக்குள்ள தேவத்துவமும் மனுஷத்துவமும் முழுசா இருக்குன்னுதான் அவங்க அறிக்கை. 1973-ல போப் ஆறாம் பவுலும் காப்டிக் போப் மூணாம் ஷெனூடாவும் சேந்து கையெழுத்து போட்ட அறிக்கைல கிறிஸ்து முழு தேவன், முழு மனுஷன்னு ஒண்ணா சொல்றாங்க. 1994-ல அசீரிய கிழக்குச் சபையோட நாலாம் மார் டின்காவும் போப் ரெண்டாம் ஜான் பாலும் இதே மாதிரி ஒரு அறிக்கை வெளியிட்டாங்க, இத்தன நூற்றாண்டா "நெஸ்டோரியன்"னு ஏசப்பட்ட சபை அது! எல்லா வித்தியாசமும் தீந்துடல, ஆனா கிறிஸ்து யாருங்கற விஷயத்துல கள்ள உபதேசம்னு சொல்ல நியாயம் இல்ல. பாஸ்டர்கிட்ட மரியாதையோட இந்த ரெண்டு அறிக்கையையும் படிக்கச் சொல்லிப் பாருங்க.

கேள்வி: கெத்செமனேல "என் சித்தத்தின்படியல்ல"ன்னு ஜெபிச்சாரே, ஒரே ஆளுக்கு ரெண்டு சித்தமா? அது நடிப்பா?

நடிப்பு இல்ல, சத்தியமா இல்ல. ஏழாம் நூற்றாண்டுல இதே கேள்விதான் வெடிச்சுது. ராஜா ஹெராக்லியஸ் காலத்துல, பிரிஞ்சு போன சபைகள சேக்கணும்ங்கற ஆசைல, கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான்னு ஒரு சமரசம் கொண்டு வந்தாங்க, 638-ல ராஜ ஆணையாவே போட்டாங்க. மாக்சிமஸ்னு ஒரு துறவி ஒத்துக்கல. மனுஷ சித்தம் இல்லாதவரு முழு மனுஷன் இல்ல, நம்ம கீழ்ப்படியாமை சித்தத்துலதான் நடந்துச்சு, அதனால அவரு மனுஷ சித்தத்தோட கீழ்ப்படிஞ்சாத்தான் அது குணமாகும்னாரு. கிரகோரி சொன்ன அதே விஷயம்தான். வயசான காலத்துல, 662-ல, அவரு நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினாங்க, அந்த வருஷமே செத்துப்போனாரு. 680-81 கான்ஸ்டான்டிநோபிள் கவுன்சில் அவரு சொன்னதத்தான் ஏத்துக்கிச்சு, ஒரே சித்தம்னு சொன்னவங்கள கண்டிச்சுது, அந்த லிஸ்ட்ல ஹொனோரியஸ்னு ஒரு போப்பும் இருந்தாரு.

அதனால தோட்டத்துல வேர்வை ரத்தத்துளி மாதிரி விழ, இந்தப் பாத்திரம் நீங்கட்டும்னு கேட்டது மரணத்துக்கு நடுங்குற உண்மையான மனுஷ சித்தம். அதுல பாவம் இல்ல, உயிர் வாழணும்னு நினைக்கிறது பாவமில்ல. அந்த சித்தம்தான் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது"ன்னு தன்னை ஒப்புக்கொடுத்துச்சு.