நாற்றும் கோபுரமும் ஒரே படத்தில் தெளிவாக விழ என்ன செய்வது?

கும்பகோணம் பக்கத்து வயலில் நாற்றைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் பின்னால் கோபுரம் மங்குகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவைத்தான் சொல்வார்கள். எஃப்/2.8-இலிருந்து எஃப்/11-க்குப் போனால் துளை சிறிதாகி டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது தெளிவாக விழும் ஆழம் கூடும், சரி. ஆனால் நான் முதலில் பார்ப்பது தூரத்தை. நாற்றிலிருந்து இரண்டடியில் நிற்பவர் நான்கடிக்குப் பின்வாங்கினால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதே இடத்தில் நின்று ஜூம் செய்தால் குறையும்.

முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், எஃப்/11 வைத்து 1.8 மீட்டரில் ஃபோகஸ் செய்யுங்கள். சுமார் 0.9 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். விடியற்காலை என்றால் வெளிச்சம் குறைவு, ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும்; முக்காலி வேண்டும், அப்புறம் காற்று அடங்கும்வரை பொறுமையும். ஆடும் நாற்றை எந்த அப்பர்ச்சரும் தெளிவாக்காது. எஃப்/22 வேண்டாம், மிகச் சிறிய துளை வழியே போகும் ஒளி பரவிவிடும் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுவதும் கூர்மை குறையும்.