கண்ணால் பார்க்க முடியாத ஓர் அனுபவத்தைச் சொல்ல எந்த மாதிரிச் சொற்களைப் பயன்படுத்தலாம்?

கேட்டவர் ஏதோ ஒன்றை அனுபவித்துவிட்டு, அதை நாலு பேரிடம் சொல்லப் போய், வாய் வராமல் நிற்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. வெறும் சொற்பட்டியல்தான் வேண்டுமென்றால் அகராதியே போதுமே.

முதலில் 'எனர்ஜி', 'வைப்ரேஷன்', 'ஃப்ரீக்வென்சி' இந்த மூன்றையும் தொடாதீர்கள். ஆற்றலை ஜூலில் அளக்கலாம், அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் அளக்கலாம். அளவுக்குள் அடங்காததற்கு அந்தச் சொற்களைக் கடன் வாங்கினால், இயற்பியல் தெரிந்தவர் 'எத்தனை ஹெர்ட்ஸ்?' என்று கேட்பார். அவர் கேட்பதில் தப்பே இல்லை.

இதில் எனக்கு ஒரு வலி இருக்கிறது. அப்பாவின் கடைசி மூச்சு நீண்ட இடைவெளி விட்டு ஒருமுறை வந்து, அதோடு நின்றது. என் விரல்கள் அவர் மணிக்கட்டில் இருந்தன. சூடு அப்படியேதான் இருந்தது, நாடி இல்லை. ஆனாலும் அந்த அறை வெறிச்சென்று ஆகவில்லை. பக்கத்தில் ஆள் நின்றால் திரும்பிப் பார்க்காமலே தெரியுமே, அப்படி நிறைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன். கூட இருந்த உறவினர் ஒருவர் குறுக்கே விழுந்து, "அது பாசிட்டிவ் எனர்ஜிம்மா, குவாண்டம்ல இதெல்லாம் நிரூபிச்சுட்டாங்க" என்றார். எனக்கு அழுகையே நின்றுபோனது, அவ்வளவு கோபம். அத்தைதான், "அண்ணனுக்கு உடனே கிளம்ப மனசு வரலை போலடி" என்றார். நான் சொல்ல நினைத்தது அத்தனையும் அதற்குள் வந்துவிட்டது.

ஆவிக்கதை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தூக்கமில்லாத மூளை செய்த வேலை என்பீர்களானால் அதையும் நான் மறுக்கவில்லை. காரணம் எதுவாக இருந்தால் என்ன, நடந்ததைச் சொல்லச் சொல் வேண்டும் அல்லவா?

நம்மிடம் அது இல்லாமல் இல்லை. தொல்காப்பியத்தின் பொருளியல் என்ற பகுதியில் ஒரு நூற்பா சாயல், நாண், நோய், வேட்கை என்று பன்னிரண்டைச் சொல்லி, இவை 'நெஞ்சு கொளின் அல்லது காட்டல் ஆகாப் பொருள' என்கிறது. மனம் கொள்ளலாம், எடுத்துக் காட்ட முடியாது. காட்ட முடியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிடவில்லை பாருங்கள். சைவ சித்தாந்தம் உருவம், அருவம் என்ற இரண்டோடு நிற்காமல் நடுவே இரண்டும் சேர்ந்த அருவுருவம் என்று ஒன்றையும் வைத்தது. சொல்லவே முடியாது என்று சொல்வதிலும் திருமூலருக்குக் கூச்சமில்லை: தாய் தன் கணவனோடு கண்ட சுகத்தை மகளிடம் 'சொல்லுமாறு எங்ஙனே' என்று கேட்கிறார்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். அன்று கைபேசியில் வந்த இரங்கல்கள் பெரும்பாலும் ஒரே வாசகம், ஒரே விளக்குப் படம். அப்பாவின் பெயர்கூட அவற்றில் இல்லை. ஒரு வரி சொந்தமாக எழுத இவ்வளவு சோம்பலா? கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் ஆறவில்லை.

உங்களுக்கு என் யோசனை இதுதான். பெரிய பெயர்ச்சொல்லைத் தேடாதீர்கள். வந்தது, நிறைந்தது, விலகியது, தொட்டது என்று வினையில் சொல்லுங்கள். எது போல இருந்தது என்பதோடு எது போல இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்பவர் நம்பாவிட்டாலும், நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதாவது அவருக்குப் புரியும்.