டவலில் பிள்ளைகளுக்கு நீச்சல் அங்கி: கேட்டதும் சொன்னதும்

கோடை லீவு விட்டாலே நம்ம ஊரில் பாதிப் பிள்ளைகள் நீச்சல் வகுப்பில்தான் கிடக்கிறார்கள். குளத்திலிருந்து ஏறியதும் ஈரத்தோடு மேலே மாட்டிக்கொள்ள, குல்லா வைத்த டவல் அங்கியை வீட்டிலேயே தைப்பது எப்படி என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நான் மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன், பிள்ளைகள் துணிதான் முக்கால்வாசி வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே.கே. நகரிலிருந்து: அக்கா, பீச் டவல்தான் வாங்கணுமா? ஆன்லைனில் விலையைப் பார்த்தாலே தலை சுத்துது.

வேண்டாம். பீச் டவல் என்பது ஏறக்குறைய 36க்கு 72 இன்ச். எட்டு, ஒன்பது வயசுக்கு மேலே உள்ள பிள்ளைக்கு அது சரி. சின்னப் பிள்ளைக்கு 30க்கு 60 இன்ச் சாதா டர்க்கி டவல் ஒன்று போதும், அதிலேயே குல்லாவும் பாக்கெட்டும் வந்துவிடும்.

கனத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஹோட்டலில் தருகிற மாதிரி தடித்த டவல் என்றால் நல்ல டவல் என்று நினைப்பு. நம்ம வெயிலுக்கு அது தேவையே இல்லை. நனைந்தால் பிள்ளையால் தூக்க முடியாது, பையில் வைத்தால் வேறு எதற்கும் இடம் இருக்காது, மழைக்காலத்தில் மறுநாள் வகுப்புக்குள் காயவும் காயாது. மெஷினில் நாலு மடிப்பு சேருகிற இடத்தில் ஊசி உடைவது தனிக் கதை. 350லிருந்து 400 ஜிஎஸ்எம் போதும், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி அத்தனை கிராம். அட்டையில் ஜிஎஸ்எம் போடவில்லை என்றால் எடை போட்டுப் பாருங்கள். 30க்கு 60 டவல் 450 கிராம் சுமாருக்கு இருந்தால் அது 400 ஜிஎஸ்எம். 650 கிராமைத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடைகளில் கையில் தொட்டுப் பார்த்து எடுக்கலாம், போட்டோவைப் பார்த்து வாங்குவதைவிட அது மேல்.

பிரிண்ட் போட்ட பீச் டவல்களில் ஒரு பக்கம் வெல்வெட் போல வழுவழுப்பாக இருக்கும். அந்தப் பக்கம் சுருள் நூலை வெட்டிவிட்டிருப்பார்கள், பார்க்க அழகு, தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. சுருள் இருக்கிற பக்கம் உடம்பில் படும்படி தையுங்கள்.

திருமங்கலத்திலிருந்து: என் மகளுக்கு 5 வயசு. வெட்டுற அளவை ஒண்ணு விடாமச் சொல்லுங்கக்கா.

முதலில் துவைத்துக் காயவையுங்கள். பருத்தி டவல் சுருங்கும், 60 இன்ச் என்று வாங்கியது 57, 58 என்று நிற்கும். கணக்கை அதற்குப் பிறகு போடுங்கள். துவைத்தபின் 58க்கு 29 நிற்கிறது, பிள்ளை 110 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துச் சொல்கிறேன்.

நீளத்தில் 46 இன்ச் உடம்புக்கு, மிச்சம் 12 இன்ச் குல்லாவுக்கு. 46ஐ இரண்டாக மடித்தால் முன்னும் பின்னும் 23, தோளிலிருந்து முட்டி வரை வரும். மடிப்புதான் தோள், அங்கே தையல் கிடையாது.

அந்த 12 இன்ச் பட்டையில் இடது கோடியிலிருந்து ஒன்பதரை, வலது கோடியிலிருந்து ஒன்பதரை வெட்டுங்கள். அவை குல்லாவின் இரண்டு பீஸ். டவலின் நெய்த கரை இருக்கிறதே, அது முகத்துப் பக்கம் வரட்டும். கரை பிசிறாது, மடித்து அடிக்கிற வேலை மிச்சம். நடுவில் 10 இன்ச் மீதம் நிற்கும், அதுதான் பாக்கெட். நீச்சல் கண்ணாடி வைக்கப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும்.

கழுத்து: மடிப்பின் நடுவில் 6 இன்ச் அகலம், பின்பக்கம் முக்கால் இன்ச் இறக்கம், முன்பக்கம் இரண்டே முக்கால். பார்க்க ரொம்பச் சின்னதாகத் தெரியும். பயந்து பெரிதாக வெட்டிவிடாதீர்கள். அரை இன்ச் தள்ளித் தையல் ஓடும்போது அந்த வட்டம் 18 இன்ச் ஆகிவிடும். குல்லாவின் இரண்டு பீஸும் பின் தையல் போக ஒன்பது, ஒன்பது, அதுவும் 18. இரண்டும் பொருந்தும். கழுத்தையும் குல்லாவையும் ஒப்பிடும்போது வெட்டிய ஓரத்தில் டேப்பை வைக்காமல், தையல் ஓடப்போகிற கோட்டில் வைத்து அளக்க வேண்டும்.

ஆனால் 5 வயசுப் பிள்ளையின் தலைச்சுற்று 20 இன்ச் வரும், 18க்குள் நுழையாது. அதற்காக முன்கழுத்து நடுவில் நேராக 4 இன்ச் திறப்பு வெட்டுங்கள். குர்தாவுக்கு வைப்பது போல மெல்லிய காட்டன் பட்டி கொடுத்துத் திருப்பி அடித்து, அதன்பிறகு குல்லாவை இணையுங்கள். பட்டன் வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

பக்கத் தையல்: தோள் மடிப்பிலிருந்து 7 இன்ச் கைக்கு விடுங்கள், அதற்குக் கீழே 11 இன்ச் சேர்த்து அடியுங்கள், மிச்சத்தைத் திறந்து விடுங்கள். அப்போதுதான் பிள்ளை ஓடலாம், படி ஏறலாம். தையல் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் அடித்துக் கெட்டிப்படுத்துங்கள். பிள்ளைகள் கையை விட்டு இழுக்கிற இழுப்பில் முதலில் பிரிவது அந்தக் கை மூலைதான். அகலம் 29 என்பதால் அரைக்கை மாதிரி தானாகவே முழங்கை வரை தொங்கும், தனியாகக் கை வைக்க வேண்டியதில்லை.

அண்ணா நகரிலிருந்து: டவலில் பெரிய டால்ஃபின் படம் இருக்கு. மடிச்சா பின்னாடி தலைகீழா வருதே?

வரத்தான் செய்யும். தோள் மடிப்பில் வெட்டிவிட்டு, ஒரு பாதியைத் திருப்பி வைத்துத் தோளில் சேர்த்துத் தையுங்கள். தையலுக்கு ஒரு இன்ச் போகும், அதை முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோள் தையல் தடிப்பாக உறுத்தாமல் இருக்க, உள்ளே அதன்மேல் மெல்லிய காட்டன் பட்டி ஒன்றை ஓட்டிவிடுங்கள். படம் ஒரே பக்கத்துக்கு மட்டும் என்றால் அதை முதுகில் போடுங்கள். முன்பக்கப் பாக்கெட் எப்படியும் படத்தை மறைக்கும்.

உசிலம்பட்டியிலிருந்து: மெஷின் தையலை விட்டு விட்டு அடிக்குது, சுருள் எல்லாம் ஃபுட்டில் மாட்டுது. மெஷின் கோளாறா அக்கா?

மெஷின் மேல் பழி போடாதீர்கள், ஊசியைப் பாருங்கள். பிளவுஸ் தைத்த 11ஆம் நம்பர் ஊசியே இன்னும் கிடக்கும். டவலுக்குப் புது 14ஆம் நம்பர் போடுங்கள், குல்லா சேருகிற இடத்துக்கு 16. தையலைப் பெரிதாக்குங்கள், ஒரு இன்ச்சுக்கு 8 தையல் வந்தால் போதும். நெருக்கி அடித்தால் தையல் சுருளுக்குள் புதைந்துவிடும், பிரிக்கவும் முடியாது. நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஓயாத ஈரத்திலும் குளோரினிலும் சீக்கிரம் இற்றுப்போகும்.

சுருள் மாட்டினால், ஃபுட்டுக்கும் துணிக்கும் நடுவில் பட்டர் பேப்பரை நறுக்கி வைத்து அடித்துவிட்டுக் கிழித்து எடுங்கள். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். குண்டூசியும் டவலுக்குள் காணாமல் போய்விடும், கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்பே நன்றாகப் பிடிக்கும்.

வெட்டுவதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு பறக்கிற பறப்பில் வீடு முழுக்கத் தும்மல்தான். ஒரு அங்கி முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றிப் பிரஷால் தட்டி, எண்ணெய் விடுங்கள். அடுத்த நாள் பட்டு பிளவுஸ் எடுக்கிறவர்கள் இதை மறந்தால் அந்தப் பிளவுஸில் டவல் பஞ்சு ஏறும்.

மேலூரிலிருந்து: எங்கிட்ட மிதிக்கிற மெஷின்தான். ஓவர்லாக், ஜிக்ஜாக் ஒண்ணும் இல்லை. பிசிறை என்ன செய்ய?

மேலே சொன்ன மாதிரி வெட்டினால் பிசிறு வருகிற ஓரமே குறைவு: கழுத்து, குல்லாவின் பின் தையல், கீழே வெட்டிய ஒரு ஓரம், பாக்கெட். மெல்லிய காட்டனில் ஒன்றரை இன்ச் கிராஸ் பட்டி, அதாவது துணியில் சாய்வாக எடுக்கிற பட்டி, வெட்டிப் பைப்பிங் போல மூடிவிடுங்கள். எனக்கு ஓவர்லாக்கைவிட இதுதான் பிடிக்கும், உள்பக்கமும் உறுத்தாது.

பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துப் பட்டி வைத்தால் அவ்வளவு அழகாக இருக்கும். சாயம் மட்டும் எச்சரிக்கை. ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்துங்கள். கொஞ்சமாவது இறங்கினால் அந்தப் பட்டியை வெள்ளை டவல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பல தடவை துவைத்து வெளுத்த சேலை என்றால் பயமில்லை.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு அப்பத்தா: ஏம்மா, ராமேஸ்வரம் போறோம், பேரப்பிள்ளைக ரெண்டு பேரு. தீர்த்தமாடுறதுக்கு இது தோதுப்படுமா?

ரொம்பத் தோது அம்மா. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு வரும்போது பிள்ளைகள் நடுங்கும். ஆனால் தீர்த்தமாடும்போதே போட்டுவிடாதீர்கள், நனைந்த டவலைச் சுமந்துகொண்டு வழுக்குகிற தரையில் நடக்கக் கூடாது. அதுவரை நனையாமல் பையிலேயே இருக்கட்டும். ஈரத்துணியோடு சாமி பார்க்க முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் அங்கியை மாட்டிவிட்டால், பிள்ளை உள்ளேயே ஈரத்துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளும், மறைப்புக்கு யாரும் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். இதற்காகவே தைப்பதாக இருந்தால் ஒரு சாண் நீளம் கூட வையுங்கள், பக்கத் திறப்பையும் குறையுங்கள்.

திருநகரிலிருந்து: குல்லா காத்துல விழாம இருக்க நாடா கோர்க்கலாமா?

கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, வாடிக்கையாளர் கேட்டாலும் வைப்பதில்லை. நீச்சல் குள ஏணியிலோ, சறுக்குமரத்திலோ, வேன் கதவிலோ நாடா மாட்டினால் கழுத்து இறுகும். பிள்ளைகள் இப்படிச் செத்தே போனதால்தான் அமெரிக்காவில் 1996லேயே பிள்ளைகள் உடுப்பில் குல்லாவுக்கும் கழுத்துக்கும் நாடா வைக்காதீர்கள் என்று அறிவுறுத்தினார்கள். ஐரோப்பிய விதியும் 7 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கழுத்து, குல்லாப் பக்கம் நாடாவே கூடாது என்கிறது. குல்லா விழுந்தால் விழட்டும். தலை துவட்டத்தானே அது.

அங்கியைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கவும் விடாதீர்கள். டவல் நீரைக் குடித்தால் பிள்ளையைக் கீழே இழுக்கும்.

செல்லூரிலிருந்து: எங்க வீட்ல தறி உண்டு. டர்க்கி இல்லாம, சாதா தறித் துண்டில் தைக்கலாமா அக்கா?

தாராளமாக. துண்டு டர்க்கி அளவுக்குத் தண்ணீர் இழுக்காது, ஆனால் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும், பையில் சுருட்டினால் இடமே எடுக்காது. தினமும் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். உடம்புக்குத் துண்டு, குல்லாவுக்கு மட்டும் டர்க்கி என்று கலந்து தையுங்கள், தலைமுடிதானே அதிகத் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். ஒரு துண்டின் அகலம் பத்தாவிட்டால் இரண்டு துண்டை நீளவாக்கில் பக்கம் பக்கமாகச் சேருங்கள், நடுவில் கழுத்துக்கு இடம் விட்டு. கரை நடுநெஞ்சில் கோடு போல இறங்கும், பார்க்கவும் ஜோர்.

தல்லாகுளத்திலிருந்து ஒரு அப்பா: பையனுக்கு 11 வயசு. குல்லா வெச்சா பாப்பா டிரெஸ்ங்கிறான்.

குல்லாவை விடுங்கள் தம்பி. பெரிய டவலில் கழுத்து மட்டும் வைத்து, இரண்டு பக்கமும் பாக்கெட் வையுங்கள். கலரை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

பெரியகுளத்திலிருந்து: நாலு தடவை துவைச்சதுமே அங்கி அட்டை மாதிரி ஆயிடுச்சு, கலரும் போச்சு.

கலர் போனது குளோரினால். வீட்டுக்கு வந்ததும் சோப்புக்கு முன் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள், ஈரத்தோடு பையிலேயே இரவு முழுக்க விடாதீர்கள். விறைப்பது போர்த்தண்ணியின் உப்பாலும், தேவைக்கு மேல் கொட்டுகிற சோப்புத் தூளாலும். எப்போதாவது கடைசி அலசலில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள், பிளீச்சிங்கோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷப்புகை வரும். வாசனைக்காகக் கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்ற வேண்டாம். அது நூல் மேல் படிந்து தண்ணீர் உறிஞ்சுவதைக் கெடுக்கும். கும்பக்கரைக்கோ குற்றாலத்துக்கோ எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனால் பழைய டவலில் தைத்ததை எடுத்துப்போங்கள், டர்க்கியில் ஏறிய எண்ணெய் லேசில் இறங்காது.

சிந்தாமணியிலிருந்து: ஆர்டர் எடுத்துத் தைச்சுக் கொடுக்கலாம்னு இருக்கேன். ரேட் எப்படிப் போட?

டவல் விலை, நூல், பட்டி, ஓவர்லாக் வெளியே கொடுத்தால் அந்தக் கூலி, இவற்றைத் தனியாக எழுதுங்கள். உங்கள் நேரத்துக்கு ஒரு மணிக்கு இவ்வளவு என்று அதன்மேல் வையுங்கள். துவைத்துக் காயவைக்கிற வேலையும் நேரம்தான், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளரே டவல் கொண்டுவந்தால், துவைத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு டவலுக்கு மேல் அடுக்கி வெட்டாதீர்கள், நழுவும். ஆர்டர் எழுதும்போது வயசை வைத்து அளவு போட வேண்டாம். தோளிலிருந்து முட்டி வரை ஒன்று, தலைச்சுற்று ஒன்று, இந்த இரண்டு அளவையும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைச்சுற்றைக் காதுக்கு மேலே, நெற்றியோடு சேர்த்து டேப்பைச் சுற்றி எடுக்கச் சொல்லுங்கள், சடை போட்ட பிள்ளை என்றால் சடையோடு.