டி.எல்.டி. பேட்ஜில் திடீரென்று 4 மில்லிசீவெர்ட்

எக்ஸ்ரே பணியாளர்கள் வாங்கும் கதிர்வீச்சை அளக்க அணிவது டி.எல்.டி. பேட்ஜ்; மில்லிசீவெர்ட் அந்தக் கதிர்வீச்சு அளவின் அலகு. உங்கள் அறிக்கையில் திடீரென்று வந்திருக்கும் அந்த 4 மில்லிசீவெர்ட் பேட்ஜ் வாங்கிய அளவு. உங்கள் உடலும் அவ்வளவு வாங்கியது என்று பொருளில்லை.

முதல் சந்தேகம், கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனோடு பேட்ஜையும் எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போவது. பணி முடிந்தபின் அது எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ஏப்ரனுக்கு வெளியே குத்தியிருந்தாலும் எண் எகிறும். மார்பில், ஏப்ரனுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும்.

மறுபடி அளக்கச் சொல்லிப் பயனில்லை. பேட்ஜுக்குள் இருக்கும் கால்சியம் சல்பேட் வில்லைகளைச் சூடாக்கி, வெளிவரும் ஒளியை அளக்கிறார்கள்; அந்தச் சூட்டிலேயே பதிவும் அழிந்துவிடும்.

இந்தியாவில் பணியாளருக்கு ஓராண்டு உச்சவரம்பு 30 மில்லிசீவெர்ட், ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20. பதற வேண்டாம். ஆனால் பேட்ஜ் சட்டையிலேயே இருந்தது உறுதியென்றால், ‘அறையில் மறந்துவிட்டேன்’ என்று எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்; கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் எக்ஸ்ரே குழாயிலிருந்து கதிர் கசிகிறதா என்று சோதிக்கக் கேளுங்கள்.